தகட்டுத் தொழிலாளர் சங்கமும் அதன் தலைவர்களும்: கூலியை உயர்த்தியவர்களே கதவை அடைத்தது எப்படி?

மாறன் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கத் தொழிற்சங்க வரலாறு என்றால் நம்மவர்களுக்குச் சிகாகோவும் மே தினமும் தெரியும். சுரங்கத் தொழிலாளர்களையும் கார் ஆலைத் தொழிலாளர்களையும் பற்றிக் கொஞ்சம் படித்திருப்போம். தகட்டுத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு சங்கத்தின் பலம் எங்கிருந்து வருகிறது, அந்தப் பலம் யார் தலையில் போய் விழுகிறது என்று யோசிப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய வரலாறு இது.

1888ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் பதினொரு தகரத் தொழிலாளர்கள் கூடினார்கள். கூட்டியவர் ராபர்ட் கெல்லர்ஸ்ட்ராஸ். இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற சிறு நகரத்துச் சங்கச் செயலாளர். ஊர் ஊராகக் கடிதம் எழுதி, நான்கு மாநிலங்களிலிருந்து அந்தப் பதினொரு பேரை வரவழைத்தார். ஆர்ச்சிபால்ட் பார்ன்ஸ் முதல் தலைவரானார். கூரை வேய்வதும், மழைநீர்த் தாரை அடிப்பதும், கட்டட முகப்பில் தகட்டு அலங்காரம் பொருத்துவதும், அடுப்பும் புகைபோக்கியும் செய்வதும்தான் அன்றைக்கு இவர்கள் வேலை. மின்விசிறியே பரவாத காலம். பின்னாளில் குளிர்சாதன வசதி வந்து, ஒவ்வொரு பெரிய கட்டடத்துக்குள்ளும் தகட்டுக் காற்றுக்குழாய்கள் ஓடும் என்று அந்தப் பதினொரு பேரில் யாரும் நினைத்திருக்க முடியாது.

சங்கம் வளர்ந்தது. 1913 முதல் 1993 வரையிலான எண்பது ஆண்டுகளில் அதற்கு நான்கே தலைவர்கள்: ஜான் ஹைன்ஸ், ராபர்ட் பைரன், எட்வர்ட் எஃப். கார்லோ, எட்வர்ட் ஜே. கார்லோ. கடைசி இருவரும் தந்தையும் மகனும். 1970ல் தந்தைக்குப் பின் மகன் பொறுப்புக்கு வந்து இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்தார்.

இதே சங்கத்தின் நியூயார்க் கிளை எண் 28. அந்தக் கிளை மீது நடந்த வழக்கு 1986ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அதன் தீர்ப்பைப் படித்த பிறகுதான் இந்த இழையைத் தொடங்க வேண்டும் என்று தோன்றியது. தொழிலைக் கற்றுக்கொடுக்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் சங்கத்தின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. கூலியை உயர்த்தியதும் அந்தக் கைதான், கறுப்பினத்தவரை வெளியே நிறுத்தியதும் அதே கைதான். தலைவர்களை எடைபோட வேண்டுமானால் அந்த உரிமையை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். மேடைப் பேச்சை வைத்து எடைபோட முடியாது.

தொழில் தெரிந்தவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் எழுதுங்கள்.

சேகர், தகட்டுப் பட்டறை

மாறன் சார், தொழில் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நான் டக்ட் (காற்றுக்குழாய்) வேலை செய்பவன். இங்கேயும் வளைகுடாவிலும் செய்திருக்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தகட்டை வெட்டி மடிக்கும் வேலையாகத் தெரியும். நான்கு பக்கமும் நேராக இருக்கும் குழாய் என்றால் ஓரளவு அப்படித்தான். பிட்ஸ்பர்க் லாக் என்று ஒரு மடிப்பு இருக்கிறது. ஒரு தகட்டின் ஓரத்தைப் பை போல மடித்து வைப்போம். அடுத்த தகட்டின் ஓரத்தைச் செங்குத்தாகத் திருப்பி அந்தப் பைக்குள் இறக்கிவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைச் சுத்தியலால் படிய அடித்துவிடுவோம். ரிவெட் தேவையில்லை, பற்றவைப்பு தேவையில்லை, கழன்று வராது. இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

சதுர வாயிலிருந்து வட்ட வாய்க்குப் போகும் துண்டுதான் ஆளைச் சோதிக்கும். அதுவும் மேலே ஒரு பக்கம் விலகி, கீழே ஒரு பக்கம் சரிந்து வந்தால் கேட்கவே வேண்டாம். தட்டையான தகட்டில் முக்கோணம் முக்கோணமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டின் உண்மை நீளத்தையும் தனியாகக் கண்டுபிடித்து, விரித்து வரைய வேண்டும். மடிப்புக்கு எவ்வளவு விட வேண்டும் என்று முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். 18 கேஜ் தகட்டுக்கும் 24 கேஜ் தகட்டுக்கும் அந்தக் கணக்கு மாறும். (எண் கூடினால் தகடு மெலிது என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.) கால் அங்குலம் பிசகினாலும் மேலே சாரத்தில் நிற்பவன் கையில் துண்டு உட்காராது. தகடும் போய்விடும், அன்றைய பொழுதும் போய்விடும்.

கணினியும் பிளாஸ்மா வெட்டியும் வந்த பிறகு வரைவு வேலை குறைந்திருக்கிறது. நான் பேசுவது அதற்கு முந்திய காலம், இந்த வழக்கு நடந்த காலம். அன்றைக்கு இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து யாரும் செய்துவிட முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று, கோணம் எங்கே தவறுகிறது என்று காட்டித் தர வேண்டும். ஒருவரை அந்தப் பக்கத்தில் நிற்கவிடவில்லை என்றால் அவருக்குத் தொழிலே இல்லை. கிளை 28 என்ன செய்தது என்பதை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இராமலிங்கம் (ஓய்வுபெற்ற தொழிற்சங்கப் பணியாளர்)

வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் சங்கத்தின் பக்கத்தையும் முழுமையாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் முதலாளிகளுக்கு வசதியான ஒரு கதையாக இது முடிந்துவிடும்.

கட்டட வேலையில் நிரந்தர முதலாளி என்று ஒருவர் கிடையாது. ஒரு கட்டடம் முடிந்தால் வேலை முடிந்தது. அடுத்த ஒப்பந்ததாரரைத் தேட வேண்டும். ஒரே ஆண்டில் பல பேரிடம் கூலி வாங்கும் தொழிலாளிக்கு எந்த ஒப்பந்ததாரர் ஓய்வூதியம் கொடுப்பார்? மருத்துவச் செலவை யார் ஏற்பார்? அந்த இடத்தில்தான் சங்கம் நின்றது. ஒவ்வொரு மணி நேர வேலைக்கும் ஒப்பந்ததாரர்கள் பொது நிதிக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும், தொழிலாளி எங்கே போனாலும் அந்தப் பாதுகாப்பு அவன் கூடவே போகும் என்ற ஏற்பாட்டைப் போராடிப் பெற்றார்கள். மகன் கார்லோவின் காலத்தில், 1973ல், வேலையில்லாத நாட்களுக்கு ஈடுகட்டும் நிதி ஒன்றையும் நாடு தழுவிய அளவில் ஏற்படுத்தினார்கள். அந்த மனிதரை வாரிசு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

வேலை எல்லைக்காக அவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீயணைப்பு விதிகளுக்காக உயர்ந்த கட்டடங்களில் மரக் கதவு, மரச் சட்டங்களுக்குப் பதிலாகத் தகட்டுக் கதவுகள் வந்தன. அதைப் பொருத்துவது யார்? கதவு என்பதால் எங்கள் வேலை என்றது தச்சர் சங்கம். தகடு என்பதால் எங்கள் வேலை என்றது இந்தச் சங்கம். 1909ல் கட்டடத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு தகட்டுத் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தச்சர் சங்கம் அதை ஏற்கவே இல்லை. கூட்டமைப்பிலிருந்து இடைநீக்கம் செய்தும் பணியவில்லை. எண்ணிக்கையில் அவர்கள் மலைக்க வைக்கும் அளவுக்குப் பெரியவர்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்த அந்தச் சண்டையில் கடைசியில் ஹைன்ஸ்தான் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. தீர்ப்பு கையில் இருந்தும் வேலை கைவிட்டுப் போனது. இப்படி அடிபட்ட சங்கம் தன் எல்லையைச் சுற்றி வேலி போடத்தான் செய்யும். ஆள் பெருகினால் கூலி சரியும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை.

ஆதிரை

இராமலிங்கம் ஐயா, வேலி போட்டார்கள் என்கிறீர்கள். சரி. அந்த வேலி யாருடைய நிறத்தைப் பார்த்துத் திறந்தது, யாருடைய நிறத்தைப் பார்த்து மூடியது? அதையும் நீங்களே சொல்லியிருக்கலாம்.

நீலவேணி (வழக்கறிஞர்)

வழக்கின் போக்கை வரிசையாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளை 28 தொடங்கப்பட்டது 1913ல். அப்போதைய அகில அமைப்பின் சட்டவிதியே "வெள்ளையர் கிளைகள்" என்று தனியாக வகுத்து, கறுப்பினத் தொழிலாளர்களை அவற்றுக்குக் கீழான துணைக் கிளைகளில் வைத்தது. கிளை 28 வெள்ளையர் கிளையாகவே பிறந்தது. 1946ல் அந்த விதி நீக்கப்பட்டது. நீக்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1964ல், நியூயார்க் மாநில மனித உரிமை ஆணையம் விசாரித்தபோது அந்தக் கிளையில் அதுவரை ஒரு கறுப்பின உறுப்பினர்கூடச் சேர்ந்ததில்லை. ஒரு கறுப்பின அப்ரண்டிஸ்கூட (பயிற்சித் தொழிலாளிகூட) இல்லை. காரணத்தையும் ஆணையம் எழுதியிருக்கிறது: ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் பரிந்துரைத்தால்தான் பயிற்சியில் சேரலாம், உறவினர்களுக்குத்தான் பரிந்துரை கிடைக்கிறது. அந்த ஏற்பாட்டை வெள்ளையர் அல்லாத எவராலும் தாண்ட முடியவில்லை.

மாநில நீதிமன்றம் அந்த முறையை மாற்றச் சொன்னது. அதன் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. எல்லோருக்கும் பொதுவான நுழைவுத் தேர்வு வைக்க வேண்டும் என்று ஆனதும், சங்கப் பணத்தை எடுத்து உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் மட்டும் அந்தத் தேர்வுக்குத் தனிப்பயிற்சி கொடுத்தார்கள். நீதிமன்றம் கண்டித்து, வெளியாட்களை வைத்து மறுபடி தேர்வு நடத்த உத்தரவிட்டது. இந்த முறை கறுப்பின இளைஞர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார்கள். வொர்க்கர்ஸ் டிஃபென்ஸ் லீக் என்ற அமைப்பு அவர்களுக்குப் பாடம் நடத்தியது. மிக நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். உடனே சங்கத் தரப்பு, இவ்வளவு மதிப்பெண் நேர்வழியில் வந்திருக்க முடியாது, வினாத்தாள் முன்கூட்டியே கிடைத்திருக்க வேண்டும் என்று மறுத்தது. அதற்குத் துளி ஆதாரமும் இல்லை என்று நீதிமன்றம் சொல்லி, அவர்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றது.

1971ல் மத்திய அரசு 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி வழக்குத் தொடுத்தது. மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் வாதியானது, நியூயார்க் நகர நிர்வாகமும் சேர்ந்துகொண்டது. 1974 ஜூலை நிலவரப்படி கிளையின் மொத்த உறுப்பினர்களில் வெள்ளையர் அல்லாதவர்கள் 3.19 சதவீதம். 1975ல் நீதிபதி ஹென்றி வெர்க்கர், 1981 ஜூலைக்குள் 29 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தார். நகரத்தின் உழைப்பாளர் தொகையில் அவர்களுடைய பங்கை ஒட்டிய கணக்கு அது. கண்காணிக்க ஒரு நிர்வாகியையும் நியமித்தார். 1982ல் கணக்குப் பார்த்தால் 10.8 சதவீதம். நீதிமன்ற அவமதிப்பு என்று 1,50,000 டாலர் அபராதம். அடுத்த ஆண்டே இரண்டாவது முறையும் அவமதிப்பு.

அபராதப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகவில்லை. வெள்ளையர் அல்லாத இளைஞர்களைத் தேடிப்பிடித்துப் பயிற்சி கொடுக்கும் நிதியாக அதை மாற்றினார்கள். உறுப்பினர்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரண்டு சென்ட் வீதம் அந்த நிதிக்குக் கட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. ஐயா சொன்ன ஓய்வூதிய நிதி எப்படி மணிக்கணக்கில் சேர்ந்ததோ அதே வழியில் இதையும் சேர்க்க வைத்தார் நீதிபதி.

1986 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் இலக்கையும் நிதியையும் உறுதி செய்தது. தலைமைக் கருத்தை எழுதியவர் நீதிபதி பிரெனன்.

ஆதிரை

வினாத்தாள் விஷயத்தைப் படித்ததும் சற்று நேரம் எழுந்து நடந்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். தங்கள் பிள்ளைகளுக்குச் சங்கப் பணத்தில் டியூஷன் வைக்கலாம், அது பாசம். அடுத்தவன் பிள்ளை டியூஷன் படித்து மதிப்பெண் வாங்கினால் அது திருட்டு! இதைச் செய்தவர்கள் பண்ணையார்களோ ஆலை முதலாளிகளோ அல்ல. கையில் காய்ப்பு விழுந்த, வெயிலிலும் குளிரிலும் கூரை மேல் நின்ற தொழிலாளிகள். எனக்கு வலிப்பது அதுதான். ஏணியில் ஏறியவன் அதை மேலே இழுத்துக்கொண்ட கதை.

தந்தை தன் தொழிலை மகனுக்குக் கொடுப்பதில் என்ன தவறு என்று யாராவது கேட்கலாம். சொந்தப் பட்டறையை மகனுக்குக் கொடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. சங்கத்தின் பயிற்சி இடம் எந்தத் தந்தைக்கும் சொந்தமில்லை. பொதுப் பணத்தில் கட்டும் மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் அவர்கள்தான் குழாய் பொருத்தினார்கள். 1963ல் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனைக் கட்டட வாசலில் கறுப்பின மக்கள் மறியல் செய்தது எதற்காக? தங்கள் தெருவில், தங்களுக்காக எழும்பும் மருத்துவமனையில் தங்களில் ஒருவருக்கும் கட்டட வேலை இல்லை என்பதற்காக.

தலைமையே தந்தையிடமிருந்து மகனுக்குப் போன சங்கத்தில், கீழே இருப்பவர்களும் அதையே செய்ததில் எனக்கு வியப்பில்லை.

இராமலிங்கம்

ஆதிரை, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அந்தத் தேர்வு விவகாரத்தில் நான் வாதாடவும் போவதில்லை. அது அநீதி. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போடாதீர்கள். அவமதிப்புக் குற்றச்சாட்டுகளில் ஒன்று, வயதானவர்களுக்கு வேலை உறுதி செய்யும் ஒப்பந்த விதியைப் பற்றியது. ஒரு வேலைத்தலத்தில் நான்கு பேரில் ஒருவர் 52 வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும் என்ற விதி. ஐம்பதைத் தாண்டியவனை முதலாளி முதலில் கழித்துக்கட்டுவான் என்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். சாரத்தில் ஏற முழங்கால் ஒத்துழைக்காத ஆளுக்குச் சங்கம் கொடுத்த பாதுகாப்பை இனப் பாகுபாடு என்று கணக்கில் சேர்த்தால், எந்தச் சங்கம்தான் முதியவர்களுக்காகப் பேசும்?

நீலவேணி

ஐயா நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். அந்த விதி பார்வைக்கு யாரையும் புண்படுத்தாது. ஆனால் நினைத்துப் பாருங்கள்: 1964 வரை ஒரு கறுப்பினத்தவரையும் சேர்க்காத கிளையில் 1980களில் 52 வயதைத் தாண்டியவர்கள் யாராக இருப்பார்கள்? பழைய அநீதியால் வயதானவர்கள் எல்லோரும் வெள்ளையர்களாகவே இருக்கும்போது, வயதுக்குக் கொடுக்கும் சலுகை நிறத்துக்குக் கொடுக்கும் சலுகையாகத்தான் போய் முடியும்.

அதே சமயம், மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஒரு குற்றச்சாட்டை மட்டும் நீக்கிவிட்டது. அந்த விதி நடைமுறைக்கு வந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. அவமதிப்பு நிலைத்தது மற்றக் காரணங்களுக்காக: பயிற்சி இடங்களை வேண்டுமென்றே குறைவாக வைத்தது, பயிற்சி பற்றிய விளம்பரம் செய்யச் சொன்னதைச் செய்யாதது, நிர்வாகியின் அனுமதியில்லாமல் வெளியூர் ஆட்களுக்குப் பணி அனுமதி கொடுத்தது, கேட்ட கணக்குகளைக் கொடுக்காதது.

வெளியூர் ஆட்கள் விவகாரம் புதிதும் அல்ல. 1960களின் கட்டடப் பெருக்கத்தில் ஆள் பற்றாக்குறை வந்தபோதே, உள்ளூர்க் கறுப்பினத் தொழிலாளர்களைக் கூப்பிடாமல் நாடெங்கும் உள்ள மற்றக் கிளைகளிலிருந்து ஆட்களை வரவழைத்திருக்கிறார்கள், ஓய்வுபெற்றவர்களைக்கூடத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். ஆள் பெருகினால் கூலி சரியும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். இங்கே ஆளே போதவில்லை, அப்போதும் கதவு திறக்கவில்லை.

இராமலிங்கம்

அந்தக் கடைசிப் பத்திக்கு என்னிடம் பதில் இல்லை. கூலியைக் காக்கத்தான் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

மாறன்

நீலவேணி, அமெரிக்க அரசே பக்கம் மாறியது பற்றியும் எழுதுங்களேன். அது பலருக்குத் தெரியாது.

நீலவேணி

வழக்குத் தொடுத்தது மத்திய அரசு. ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது ரீகன் ஆட்சி. நிறத்தைக் கணக்கில் கொண்டு எந்த நிவாரணமும் தரக்கூடாது, பாகுபாட்டுக்கு நேரடியாக ஆளானவர் என்று நிரூபித்தவருக்கு மட்டுமே தரலாம் என்று சம வேலைவாய்ப்பு ஆணையமே வாதிட்டது. தான் வாங்கிய உத்தரவுக்கு எதிராகத் தானே நின்றது. நியூயார்க் நகரமும் மாநிலமும்தான் இலக்கைக் காத்து வாதிட்டன.

இட ஒதுக்கீடு பற்றிய விவாதம் பழகிப்போன நமக்கு அந்த வாதம் புதிதாக இருக்காது. சேரவே முடியாது என்று தெரிந்து விண்ணப்பமே போடாதவர்கள் எப்படித் தங்களை நிரூபிப்பார்கள்? சங்கத்தின் பெயர் அப்படிப் பரவியிருந்ததால் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. பிரெனன் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். என்னைப் பொறுத்தவரை தீர்ப்பின் மிக வலுவான பகுதி அது.

சேகர், தகட்டுப் பட்டறை

ஒன்று கேட்க வேண்டும். நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் பற்றி யாரும் பேசவில்லையே? அதே காலத்தில் நியூயார்க்கில் எஃகு உத்தரங்களின் மேல் தீத்தடுப்புக்காக ஆஸ்பெஸ்டாஸ் கலவையைப் பீய்ச்சி அடித்தார்கள். உலக வர்த்தக மையத்தின் கோபுரத்திலும் ஒரு பகுதிக்கு அடித்தார்கள். டக்ட் மாட்டுபவன் அந்த உத்தரத்தைச் சுரண்டிவிட்டுத்தான் பிடிமானக் கம்பியைப் பொருத்த வேண்டும். அண்ணாந்து பார்த்துச் செய்யும் வேலை. தூள் நேராக முகத்தில்தான் விழும்.

குமரன், நியூ ஜெர்சி

சேகர் அண்ணா சொல்வது சரி. நியூயார்க்கில் மருத்துவர் இர்விங் செலிகாஃப் 1964ல் வெளியிட்ட ஆய்வு வெப்பக்காப்புத் தொழிலாளர்களைப் பற்றியது. அதன் பிறகுதான் பக்கத்தில் நின்று வேலை செய்த மற்றத் தொழிலாளர்களின் நுரையீரலையும் பார்க்கத் தொடங்கினார்கள். தகட்டுத் தொழிலாளர் சங்கமும் ஒப்பந்ததாரர் சங்கமும் சேர்ந்து 1986ல் ஒரு தொழில்சார் சுகாதார அறக்கட்டளையைத் தொடங்கி, உறுப்பினர்களுக்கு நாடு முழுவதும் பரிசோதனை நடத்தின. இன்றும் நடக்கிறது. உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள். தன் உறுப்பினரின் நுரையீரலுக்காக இவ்வளவு அக்கறை காட்டிய அமைப்பும் அதுதான்.

ஆதிரை

உறுப்பினரானால்தான் அந்த அக்கறை. அதற்காகத்தான் உள்ளே விடச் சொன்னார்கள்.

வாசுகி

பிரிட்டனில் தகட்டுத் தொழிலாளர் சங்கம் என்ன ஆனது? என் மாமா பர்மிங்காம் பக்கம் தகட்டுப் பட்டறையில் இருந்தவர். சங்க அட்டை வைத்திருந்தார்.

மாறன்

அங்கே பெயரே கரைந்துவிட்டது. தேசியத் தகட்டுத் தொழிலாளர் சங்கம் 1983ல் டாஸ் என்ற தொழில்நுட்பப் பணியாளர் சங்கத்தோடு இணைந்தது. டாஸ் மேலும் மேலும் பிற சங்கங்களோடு இணைந்து 1988ல் எம்.எஸ்.எஃப். ஆனது, பிறகு அமிகஸ், 2007ல் யுனைட். அமெரிக்கச் சங்கமும் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து இப்போது ஸ்மார்ட் என்ற பெயரில் இருக்கிறது. ஆனால் அதில் தகட்டுப் பிரிவு தனியாக, பலமாக இருக்கிறது. பயிற்சியைத் தன் கையில் வைத்திருக்கும் சங்கம் பிழைத்துக்கொள்கிறது என்பது என் துணிபு.

குமரன், நியூ ஜெர்சி

தீர்ப்புக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக் இனத்தவரும் உள்ளே வந்தார்கள். வந்த பிறகு வேறு ஒரு சிக்கல் தொடங்கியது. அட்டை கையில் இருக்கும், வேலை நேரம் கிடைக்காது. வெள்ளையர் உறுப்பினருக்கு ஆண்டில் கிடைக்கும் மணிகளைவிட இவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. எந்தத் தளத்துக்கு யாரை அனுப்புவது, வேலை சுருங்கும்போது யாரை முதலில் நிறுத்துவது என்பதெல்லாம் மேஸ்திரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையே வாய்ச் சொல்லில் முடிந்துவிடும். இழந்த கூலிக்கான வழக்கு இன்னும் பல ஆண்டுகள் இழுத்தது. 1984 முதல் 1991 வரையிலான காலத்துக்கு 62 லட்சம் டாலர் என்று 2008ல் உடன்பாடு ஆனது. 1991 முதல் 2006 வரையிலான காலத்துக்கு 2015ல் இன்னொரு உடன்பாடு, ஏறத்தாழ 1.27 கோடி டாலர். 1971ல் தொடங்கிய வழக்குக்கு 2015ல் பணம். இருபது வயதில் கதவைத் தட்டியவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

இப்போதைய தலைவர் மைக்கேல் கோல்மன் 2023ல் பொறுப்பேற்றவர், கிளீவ்லாந்துக் கிளையிலிருந்து வந்தவர். 2025 மார்ச்சில் மேரிலாந்துக் கிளை எண் 100ல் பயிற்சியில் இருந்த ஓர் இளைஞரை அமெரிக்க அரசு எல் சால்வடாருக்கு நாடு கடத்தி, அங்கே சிறையில் அடைக்க வைத்தது. அவரை அங்கே அனுப்பக்கூடாது என்று குடிவரவு நீதிபதியின் உத்தரவு ஏற்கெனவே இருந்தது. அரசு வழக்கறிஞர்களே அதைத் தவறு என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். கோல்மன் வெளிப்படையாகப் பேசினார்: இவர் எங்கள் அப்ரண்டிஸ், திருப்பி அழைத்து வாருங்கள் என்று. கட்டடத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் மேடையிலும் அந்தக் கோரிக்கை எழுந்தது, கைதட்டல் அடங்கவில்லை. இத்தனைக்கும் அந்த அரங்கில் இருந்தவர்களில் அன்றைய அதிபருக்கு வாக்களித்தவர்கள் கணிசமாக இருந்திருப்பார்கள். ஜூன் மாதம் அந்த இளைஞர் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார், வேறு குற்றச்சாட்டுகளோடு.

இராமலிங்கம்

குமரன், நியூயார்க் கிளை 28ல் இன்று பயிற்சிக்கு ஆள் எடுப்பது எப்படி? உறுப்பினர் பரிந்துரை இன்னும் இருக்கிறதா?

குமரன், நியூ ஜெர்சி

நியூயார்க்கில் பொது அறிவிப்பு வருகிறது. யாரும் விண்ணப்பிக்கலாம். தகுதித் தேர்வு, நேர்காணல், மதிப்பெண் வரிசைப் பட்டியல். பயிற்சிக் காலத்திலேயே கூலி உண்டு, ஆண்டுக்கு ஆண்டு உயரும். உறவினர் இருந்தால் அறிவிப்பு எப்போது வரும், நேர்காணலில் எப்படிப் பேச வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கும். அந்த அனுகூலம் இன்றும் இருக்கிறது. அதற்காகவே வேலையில்லாத குடும்பத்துப் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்யும் முன்பயிற்சி அமைப்புகள் நகரத்தில் இயங்குகின்றன.

ஆதிரை

1966ல் வொர்க்கர்ஸ் டிஃபென்ஸ் லீக் செய்த அதே வேலை. கோல்மன் ஓர் அப்ரண்டிசுக்காக அரசை எதிர்த்து நின்றதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அவர் நிற்க முடிந்தது, அந்த இளைஞர் ஏற்கெனவே உள்ளே இருந்ததால். அவரை உள்ளே கொண்டுவந்த வழியைத் திறந்தவர்களின் பெயர்கள் சங்கத் தலைவர்கள் பட்டியலில் இல்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கித் திருடர்கள் என்று பழி கேட்ட அந்த இளைஞர்களையும் இந்தச் சங்கத்தின் தலைவர்கள் வரிசையில் வைத்துத்தான் நான் எழுதுவேன்.

இராமலிங்கம்

எழுதுங்கள் அம்மா. அந்தப் பட்டியலில் கெல்லர்ஸ்ட்ராஸுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். எந்த உதவியும் இல்லாமல் ஊர் ஊராகக் கடிதம் போட்டு ஆள் சேர்த்தவருக்கு அவர்களோடு உட்காருவதில் மனக்குறை இருக்காது.